வெண்கலப் பானைமேல் போட்ட பெருக்கல் குறி

திருவொற்றியூர்,
ஸ்ரீமுக வருஷம் தை மாதம் 15-ந் தேதி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மகாராஜராஜஸ்ரீ வண்ணாரப்பேட்டை பாத்திரக்கடை எத்திராஜ் முதலியார் அவர்களுக்கு,

ரயில்வேயில் ஆக்டிங் அசிஸ்டெண்ட் இஞ்சினியராக இருந்து பென்ஷன் வாங்கும் பக்தவச்சலம் அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் உள்ளதை உள்ளபடி ரிப்போர்ட் எழுதிய கை இது, பொய் எழுத வரவில்லை. இவ்விடம் ஒருவரும் சுகமில்லை. என் சம்சாரம் சொக்கம்மாள் வெள்ளிக்கிழமை முதல் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை எட்டாத தூரத்தில் வைக்கிறாள். மகள் பட்டம்மாள் சாப்பிடுகிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் சம்சாரமும், மாப்பிள்ளை கிருஷ்ணப்பனும் சுகமா என்று விசாரிப்பது மரியாதை; விசாரித்துவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் வரைக்கும் அவர் மாப்பிள்ளைதானே? ஒன்பதே முக்காலுக்குத்தானே தாங்கள் எழுந்து, மேல்துண்டை உதறி, கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி, புரோகிதர் லக்கினப் பத்திரிகையைப் பாதி வாசித்து வாயைத் திறந்தது திறந்தபடி நிற்க, ஜட்கா ஏறிப் போனீர்கள்? பத்தரைக்குத்தான் ராகு காலம். அந்த ராகுவுக்குக்கூட வேலை வைக்காமல் நிச்சயதார்த்தத்தைத் தாங்களே நிறுத்திவிட்டீர்கள். போனதுதான் போனீர்கள், அந்த வெண்கலப் பானையை ஏன் என் கூடத்து நடுவில் விட்டுப் போனீர்கள்? அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை. என் வீட்டில் எல்லோரும் இரண்டு நாளாக அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். இது போதாதென்று, "பொண்ணு குடுக்க இஷ்டமில்லாம அந்தாளு பொய் சொல்லி நாடகம் ஆடிட்டான்" என்று மார்க்கெட்டில் நின்று பேசினீர்களாமே! அதுவும் என் காதுக்கு வந்தது. என் காதுக்கு வராதது ஒன்றுமில்லை, ஐயா.

என் காது எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பொய்யன் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒருவன் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். காப்பி குடித்துக்கொண்டே, இவனுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்திருப்பீர்கள். அப்படித் தட்டித் தட்டித்தான் நான் ஆளானேன். நல்ல சக்கரம் கணீரென்று பாடும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், 'டொக்' என்று செத்துப் போன சத்தம் வரும். உடனே சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து அதன்மேல் பெருக்கல் குறி போட வேண்டும். குறி விழுந்தால் அந்த வண்டி 'சிக்', அதாவது நோயாளி. கழற்றி ஓரப் பாதையில் தள்ளிவிட வேண்டியதுதான். அதற்கு மேல் கவர்னர் வந்து சொன்னாலும் அது நகராது.

1912-ம் வருஷம் ராயபுரத்தில் ஒரு மெயில் வண்டி புறப்படப் பச்சைக்கொடி காட்டியாகிவிட்டது. நான் கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினேன், டொக். குறி போட்டேன். வெள்ளைக்காரச் சூப்பிரண்டு முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து ஓடிவந்தார். விளக்குப் பிடித்துப் பார்த்தார், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்கே விரிசல்?" என்று குதித்தார். "தொரை, கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க" என்றேன். பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் தடவிச் சுண்ணாம்பு பூசிப் பார்த்தால், ஆணியடித்தாற்போல ஒன்றரை அங்குல விரிசல்! அந்த வண்டியில் முந்நூறு பேர் இருந்தார்கள். மறு மாதம் அதே சூப்பிரண்டு எனக்கு என் பெயர் முதலெழுத்துப் பொறித்த சுத்தியல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தக் காதால்தான் ஃபிட்டராக இருந்தவன் இன்ஸ்பெக்டராகி, இஞ்சினியரானேன். ஆக்டிங்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்துக்கு ஆக்டிங்கும் தெரியாது பர்மனெண்டும் தெரியாது.

இன்னும் கேளுங்கள். சர்வீஸ் முடியும் கடைசி மூன்று வருஷத்தில் மட்டும் நாற்பத்தொரு சக்கரத்துக்குக் குறி போட்டேன். நாற்பத்தொன்று! எனக்கு முன்னால் இருந்தவர் பத்து வருஷத்தில் பதினாலு போட்டவர். அவ்வளவு கூர்மையான காது ஐயா இது. இதிலேயும் ஒரு கடுப்பு உண்டு. என் கீழே அத்தாவுல்லா என்று ஒரு சக்கரம் தட்டுகிறவன். நல்லவன்தான், பதினாறு வருஷம் என்னோடு இருந்தவன். ஆனால் கடைசிக் காலத்தில் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நான் தட்டிவிட்டு நாலடி போனால், பின்னாலேயே வந்து அதே சக்கரத்தை அவனும் ஒரு தட்டுத் தட்டுவான். தோளில் எப்போதும் ஒரு ஈரத்துணி வேறு தொங்கும், கலீஜ். "மேலதிகாரி தட்டினதை நீ என்னடா திரும்பத் தட்டுகிறது?" என்று கேட்டால் பல்லைக் காட்டுவான். இரண்டு தடவை மெமோ கொடுத்தேன். அதையும் பல்லைக் காட்டியே வாங்கிக்கொண்டான்.

இப்படிப்பட்ட மனிதன் முன்னால் தாங்கள் ஒரு வெண்கலப் பானையைக் கொண்டுவந்து வைத்தீர்கள். "கடை திறந்த அன்னிக்கு மொதமொதல்ல வார்த்தது சம்பந்தி. எத்தினியோ பேர் கேட்டாங்க, குடுக்கல. வர்ற மருமக கையாலதான் இதுல மொத சோறு வடிக்கணும்" என்று தாங்கள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பாராட்டத்தான் எழுந்தேன். வாயால் பாராட்டினால் போதுமா, முறைப்படி பாராட்டுவோம் என்று அலமாரியைத் திறந்து சுத்தியலை எடுத்து வந்தேன். சொக்கம்மாள் கண்ணைக் காட்டினாள், கவனிக்கவில்லை. குனிந்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, பூப்போல ஒரு தட்டு.

டொக்.

இன்னொரு தட்டு. டொக். ஓட்டைப் பானையில் என் பெண் முதல் சோறு வடிப்பதா? கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று, சாக்குக்கட்டி தானாக வெளியே வந்தது. முப்பத்து நாலு வருஷப் பழக்கம் ஐயா, நான் என்ன செய்வேன்? பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, "விரிசல்! கழட்டி ஓரமாத் தள்ளு!" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது நியாயமா? தங்கள் தங்கை, "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா குறி போடறாரே!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். தாங்கள் எழுந்து நின்று, "இன்னா சம்பந்தி இது? பொண்ணு குடுக்கறியா, வண்டி ரிப்பேர் பாக்கறியா? கணீர்னு கோயில் மணியாட்டம் கேக்குது, விரிசல்ன்றியே! இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லு, என் கடைப் பேர ஏன் நாறடிக்கிற?" என்று கூவினீர்கள். கூவுங்கள். சொந்தச் சரக்கை யாரும் விட்டுக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, கணீரென்றுதான் கேட்டது என்று ஒரே வாயாகச் சாதித்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை! தங்கள் மனிதர்கள் சொன்னார்கள், சரி. புரோகிதர் சொன்னார், தட்சிணைக்குச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்த சொக்கம்மாள், "கணீர்னு கேட்டுச்சே, இந்த மனுசனுக்கு இன்னாத்துக்கு இந்தப் புத்தி!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்! பட்டம்மாள் மட்டும் அவர்களோடு சேரவில்லை. என் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான். அவள் ஒருத்திக்காவது என்மேல் நம்பிக்கை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், இப்போது உலகமே தரம் கெட்டுக் கிடக்கிறது. தங்கள் பானை ஒன்றுதானா? எங்கள் தெருக்கோடிக் கோயில் மணி வருஷக்கணக்காகச் செத்துப் போய்க் கிடக்கிறது. குருக்களிடம் சொன்னால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். போன தீபாவளிக்கு ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினேன், ஒரு நாள் அடித்தால் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரன் அதை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "அடிக்கிதே சாமி, அடிக்கிதே!" என்று சண்டைக்கு வருகிறான். எண்ணூர்ப் பக்கம் போகும் வண்டி என் வீட்டுக்குப் பின்னால் லெவல் கிராசிங்கைத் தாண்டுகிறது. ஒரு டிரைவராவது விசில் ஊதுகிறானா? ஊதவே மாட்டேன் என்று அத்தனை பேரும் கட்சி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு மூன்று மனு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. பால்காரி அங்கம்மா வாசலில் ஊமை மாதிரி நின்றுவிட்டுப் போய், கூப்பிட்டேன் கூப்பிட்டேன் என்று சாதிக்கிறாள். ஆலைப் புகையில் சிட்டுக்குருவிகள்கூடக் கத்துவதை விட்டுவிட்டன. இத்தனைக்கும் நடுவில் என் வீட்டில் எல்லோரும் என்னிடம் பேசும்போது மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிடுவது போலக் கத்துகிறார்கள். "ஏன் கத்துகிறீர்கள், நான் என்ன செவிடா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மரியாதை என்பதே போய்விட்டது.

ஆகவே, சம்பந்தியாக இருந்து இப்போது இல்லாதவரே, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவோம். இன்று மதியம் அதே அத்தாவுல்லாவை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். அவனும் இப்போது பென்ஷன்தான். எனக்கும் தங்களுக்கும் பொதுவானவன், என்னிடம் மெமோ வாங்கினவன், எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. தன் சொந்தச் சுத்தியலால் பானையைத் தட்டி அவன் தீர்ப்புச் சொல்லட்டும். விரிசல் என்றால், தாங்கள் அதே தட்டுகளோடு வந்து, என் வீட்டுக் கூடத்தில் நின்று, "பக்தவச்சலம் பொய்யன் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பானை நல்லது என்றால் என் சுத்தியலை எண்ணூர்க் கழிமுகத்தில் வீசிவிட்டுத் தங்கள் கடை வாசலில் வந்து நிற்கிறேன். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் தங்கள் பிள்ளையைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று அவள் தாயாரிடம் சொல்லிவிட்டாளாம். அவளுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பொய்யன் என்றவருக்கு நான் ஒரு காலணாத் தபால் தலைகூடச் செலவழிக்க மாட்டேன்.

தங்கள் சம்சாரத்துக்கு என் நமஸ்காரம். தங்கள் தங்கைக்கும் சொல்லவும்; மாரில் அடித்துக்கொண்டது வலிக்காமல் இருக்கிறதா என்று விசாரித்ததாகவும் சொல்லவும். கிருஷ்ணப்பனுக்கு என் ஆசீர்வாதம். தங்கள் வியாபாரம் விருத்தியாகித் தாங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று வடிவுடையம்மனைப் பிரார்த்திக்கிறேன். கோபத்தோடுதான் பிரார்த்திக்கிறேன், இருந்தாலும் பிரார்த்தனை பிரார்த்தனைதான்.

இப்படிக்கு,
தங்கள் நியாயத்தை எதிர்பார்க்கும்,
பக்தவச்சலம்

பின்குறிப்பு: ஞாயிறு மாலை நாலு மணி.

அத்தாவுல்லா வந்துவிட்டான். வந்ததும் பானையையும் குறியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். தோளில் அதே துணி. அவன் ஒரு தட்டுத் தட்டினான். சமையற்கட்டில் இருந்த சொக்கம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். எனக்குப் பழைய டொக்தான். "பார்த்தாயா?" என்றேன்.

அவன் என்னைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், முதுகைக் காட்டி நிற்க வைத்தான். "ஸாப், நான் உள்ள போய்த் தட்டறேன். ஒவ்வொரு தட்டுக்கும் கைய தூக்குங்க" என்றான். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வெயில் சுட்டது. "ஏனப்பா, எப்போது ஆரம்பிக்கப் போகிறாய்?" என்று சலித்துப்போய்த் திரும்பினால், பின்கட்டு வாசலில் பட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவன் ஒன்பது தட்டுத் தட்டி முடித்திருந்தான்.

"பானை சோக்கா கீது ஸாப்" என்றான், என் முகத்துக்கு நேரே வந்து. "பட்டறைச் சத்தத்துல வேலை செஞ்சவங்க அல்லார் காதுக்கும் வர்றதுதான். மொதல்ல மணி போவும், அப்பால குருவி போவும். மனுசன் பேச்சு கடைசிலதான் போவும்."

கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, அந்த நாற்பத்தொரு சக்கரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் பல்லைக் காட்டினான், இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு. "உங்க பின்னாலயே வந்து தட்டிப் பாத்து, நல்லதா இருந்தா இந்த ஈரத்துணியால குறிய அழிச்சிகினே வந்தேன் ஸாப். பெரிய தொரைக்கும் தெரியும். பென்ஷன் வர்ற வரைக்கும் பெரியவர் தட்டட்டும், நீ பின்னாலயே போன்னாரு. உங்களாண்ட சொல்ல எனக்கு வாய் வரல."

இரண்டு மெமோ கொடுத்தேனே, முதலியார் அவர்களே! அந்த மனிதனுக்கு இரண்டு மெமோ கொடுத்தேனே! வெட்கத்தை விட்டு இன்னொன்றும் கேட்டேன்: நாற்பத்தொன்றில் ஒன்றாவது நிஜமா? "ஒண்ணு மெய்யாவே விரிசல் வுட்டிருந்துச்சி ஸாப். அத்த நான் அழிக்கல" என்றான். அந்த ஒன்றை மட்டும் தாங்கள் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

பிறகு அவன் என் உள்ளங்கையை எடுத்துப் பானையின் வயிற்றில் பதிய வைத்துவிட்டு, விளிம்பில் தட்டினான். கைக்குள் அது நடுங்கிற்று. நின்றும் நிற்காமல், மெள்ள மெள்ள, ரொம்ப நேரம் நடுங்கிற்று. 1912-ல் நான் கேட்ட நல்ல சக்கரமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும். முதல்தரமான வார்ப்பு, ஐயா. தங்கள் கடைப் பேரைக் கெடுத்தவன் நான்தான். பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னேன். ஆனால் கேட்டதுதான் தப்பு. அத்தாவுல்லா துணியை நனைத்துக் கொடுத்தான், பெருக்கல் குறியை நானே என் கையால் அழித்தேன். அங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. குருக்களும் கடிகாரக் கடைக்காரனும் பாக்கி. வண்டி டிரைவர்கள் விசில் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். மூன்று மனுவையும் வாபஸ் வாங்கி நாளைக் காலை எழுதுகிறேன். சுத்தியலைக் கழிமுகத்தில் வீசப் போனேன், அத்தாவுல்லா பிடுங்கி வைத்துக்கொண்டான்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமென்று எடுத்தேன். பட்டம்மாள் விடவில்லை. என் முன்னால் வந்து நின்று, உதடு தெரியும்படி நிதானமாக, "கிழிக்காத நைனா. அப்படியே அனுப்பு. மாமா படிச்சிட்டுச் சிரிக்கட்டும், சிரிச்சா வந்துடுவாரு" என்றாள். வருஷக்கணக்காக அவள் இப்படித்தான் என் எதிரில் நின்று பேசுகிறாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் சுத்தியலை வாங்கி வைத்தது நம்பிக்கையால் அல்ல.

கல்யாணத்தில் நாயனம் எனக்குக் கேட்காது. தவில் கேட்கும், அது போதும். வளர்பிறை முடிவதற்குள் தட்டுகளோடு ஒரு நடை வாருங்கள். தெருவில் நின்று கூப்பிட வேண்டாம், எனக்குக் கேட்காது. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைக்கிறேன், நேரே உள்ளே வந்துவிடுங்கள்.